வாடகை வீட்டில் வாழ்ந்த பெருந்தலைவர்



சென்ற ஆண்டு கிண்டி தொழிற்பேட்டைக்கு எங்கள் வகுப்போடு போயிருந்தோம். திரும்பும்போது தியாகராய நகர், திருமலைப்பிள்ளை சாலையில் உள்ள காமராஜர் நினைவில்லத்துக்கு ஆசிரியர் அழைத்துப் போனார். முதலமைச்சராக இருந்தவர் வீடாச்சே, அரண்மனை மாதிரி இருக்கும்னு நினைச்சேன். அவர் புழங்கிய பொருட்கள், படித்த புத்தகங்கள், சுவரில் புகைப்படங்கள்... அவ்வளவுதான். அதுவும் சொந்த வீடில்லை, வாடகை வீடு!

காமராஜர் 1903 ஜூலை 15-இல் விருதுநகரில் பிறந்தார். தந்தை குமாரசாமி, தாய் சிவகாமி அம்மாள். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. தாய்மாமன் துணிக்கடையில் வேலைக்கு உட்கார்ந்தார். ஆனால் மனசு கடையில் நிற்கவில்லை. நாட்டு விடுதலையில் நின்றது. 1930-இல் வேதாரண்யம் உப்புப் போராட்டத்துக்காக அலிப்பூர் சிறைக்குப் போனார். எல்லாம் சேர்த்து ஒன்பது ஆண்டுகள் அளவுக்குச் சிறைவாசம். 1941-இல் வேலூர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே வந்ததும் அந்தப் பதவியை விட்டு விலகினார்.

1954-இல் முதலமைச்சர் ஆனார். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றிருந்த கல்வித் திட்டம் அந்த ஆண்டே கைவிடப்பட்டது. பிறகு ஊர் ஊராகப் பள்ளிகள், மதிய உணவு, சீருடை. கிண்டி தொழிற்பேட்டையும் 1958-இல் அவர் ஆட்சியில் வந்ததுதான். நம்மைப் போன்றவர்கள் படிக்கும் பாலிடெக்னிக்குகள் பலவும் அந்தக் காலத்தில் தொடங்கப்பட்டவையே.

என் தாத்தா அந்த மதிய உணவுக்காகவே பள்ளிக்குப் போனவர். ஐந்தாவது வரை படித்தார். அப்புறம் ஆடு மேய்க்கப் போய்விட்டார். அப்பா அதுவும் படிக்கவில்லை. நான் பத்தாவது முடித்ததும் என்னையும் வேலைக்கு அனுப்பிவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. கூடாதென்று பிடிவாதமாக நின்றவர் தாத்தாதான். இரண்டு ஆடுகளை விற்று என்னை இங்கே சேர்த்தார். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நினைவில்லத்தில் நின்றபோதுதான் புரிந்தது. பள்ளியில் ஒருவேளை சோறு சாப்பிட்டவருக்குப் படிப்பின் பசி தீரவே இல்லை!

ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முதலமைச்சராக இருந்த காமராஜர், கட்சிப் பணிக்காக 1963 அக்டோபர் 2-இல் பதவியை விட்டார். அகில இந்திய காங்கிரஸ் தலைவராகி, இரண்டு பிரதமர்கள் தேர்வாக முன்னின்றார். 1967 தேர்தலில் சொந்த ஊரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அதற்காக யாரையும் நொந்துகொள்ளவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. தாயார் வீட்டுக்குத் தனியாகப் போட்ட குடிநீர்க் குழாயைக்கூட எடுக்கச் சொன்னாராம், இன்றும் சொல்வார்கள். 1975 அக்டோபர் 2-இல் அந்த வாடகை வீட்டிலேயே உயிர் பிரிந்தது. மறு ஆண்டு பாரத ரத்னா வழங்கப்பட்டது. பின்னர் அரசு அந்த வீட்டை வாங்கி நினைவில்லமாக்கியது.

நண்பர்களே! தனக்கென ஒரு வீடு கட்டாதவர், நமக்குப் பள்ளிக்கூடம் கட்டினார். டிப்ளமோ வாங்கியதும் நாமும் வேலைக்குப் போவோம், வீடும் கட்டுவோம். தப்பில்லை. ஆனால் நம் தெருவில் படிப்பை நிறுத்தப்போகும் ஒரு பிள்ளையையாவது திரும்பப் பள்ளிக்கு அனுப்பி வைப்போம். அதுதான் அவருக்கு நாம் கட்டும் நினைவில்லம்!

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை