ஸ்வாமி தேசிகனும் தர்க்க நெறியும்

ஸ்ரீவைஷ்ணவ தரிசனத்தைப் பேணி வளர்த்த பூர்வாசார்யர்களுள் ஸ்ரீ வேதாந்த தேசிகன் கவிதார்க்கிக ஸிம்ஹம் என்னும் விருது பெற்றவர். கவியாக அவரை அறிந்தோர் பலர். பாதுகா ஸஹஸ்ரத்தையும் தயா சதகத்தையும் அனுஸந்திக்காத திருமாளிகைகள் குறைவு. ஆயின் அவ்விருதின் மற்றொரு பகுதியாகிய தார்க்கிகர் என்னும் சொல்லின் பொருளை ஆராய்வோர் சிலரே. காரணம் காட்டிப் பேசுவது எவ்வாறு, காரணம் போலத் தோன்றும் பொய்யை இனங்காண்பது எவ்வாறு என்பதை ஒரு சாஸ்திரமாகவே வகுத்தளித்தவர் அம்மஹான். அக்கோணத்தில் அவருடைய திவ்ய சரிதத்தைச் சிறிது நினைவுகூர்வோம்.

காஞ்சியை அடுத்த தூப்புல் என்னும் திவ்ய ஸ்தலத்தில், 1268ஆம் ஆண்டு புரட்டாசித் திருவோணத்தில், அனந்தஸூரி, தோதாரம்பை தம்பதியர்க்குத் திருக்குமாரராய் அவதரித்தார். வேங்கடநாதன் என்பது திருநாமம். அவர் ஐந்து வயதுப் பாலகராய் இருந்தபோது, மாதுலராகிய கிடாம்பி அப்புள்ளார் அவரை நடாதூர் அம்மாளின் ஸ்ரீபாஷ்ய காலக்ஷேப கோஷ்டிக்கு அழைத்துச் சென்றார். குழந்தையின் தேஜஸ்ஸைக் கண்டு வினவிய அம்மாள் மீண்டும் பாடத்தைத் தொடங்க முற்பட்டபோது, விட்ட இடம் அவருக்கோ கோஷ்டியினர்க்கோ நினைவில் வரவில்லை. அக்குழந்தையே அவ்விடத்தை எடுத்துக் கூறிற்று. மகிழ்ந்த அம்மாள், இவன் தரிசனத்தை நிலைநிறுத்துவான் என்று ஆசீர்வதித்தார் என்பது குருபரம்பரை கூறும் ஐதீகம்.

அம்மாள் முதுமை எய்தியிருந்தமையால், கற்பிக்கும் பொறுப்பு அப்புள்ளாரிடம் வந்தது. அப்புள்ளார் ந்யாயகுலிசம் என்னும் வாத நூலை இயற்றிய மஹாவித்வான். அவரிடம் பயின்ற வேங்கடநாதன் இருபது பிராயத்திற்குள் ஸகல வித்யைகளிலும் தேர்ந்தார். பின்னர்த் திருவஹீந்திரபுரத்துக்கு எழுந்தருளி, ஔஷதகிரியில் கருடனையும், வாக்குக்கு அதிதேவதையான ஹயக்ரீவனையும் உபாஸித்து அருள் பெற்றார்.

வாதம் செய்வோர்க்கு அடிப்படை நூலாக ஸ்வாமி அருளிச்செய்தது ந்யாயபரிசுத்தி. ப்ரத்யக்ஷம், அனுமானம், சப்தம், ஸ்ம்ருதி, ப்ரமேயம் என ஐந்து அத்யாயங்களைக் கொண்டது அது. கௌதம முனிவர் வகுத்த ந்யாய சாஸ்திரத்தை முற்றிலும் ஏற்காமலும், முற்றிலும் தள்ளாமலும், வேதாந்தத்துக்கு ஒவ்வாத பகுதிகளைக் களைந்து தூய்மை செய்தமையால் அந்நூல் இப்பெயர் பெற்றது. நாதமுனிகள் அருளிய ந்யாயதத்வம் இன்று முழுமையாகக் கிடைப்பதில்லை. அதன் கருத்துகளை நாம் ஓரளவேனும் அறிவது ஸ்வாமி முதலானோர் எடுத்தாண்ட பகுதிகளாலேயே ஆகும்.

ஒரு வாதத்தின் உறுப்புகள் எவை? மலையில் நெருப்பு உண்டு என்பது ப்ரதிஜ்ஞை. புகை காணப்படுவதால் என்பது ஹேது. எங்கெங்குப் புகை உண்டோ அங்கங்கு நெருப்பு உண்டு, மடைப்பள்ளியில் கண்டது போல என்பது உதாஹரணம். அத்தகைய புகை இம்மலையிலும் உண்டு என்பது உபநயம். ஆகவே இங்கும் நெருப்பு உண்டு என்பது நிகமனம். இவ்வைந்தும் வேண்டும் என்பர் நையாயிகர். நம் தரிசனத்தாரோ கேட்பவரின் தகுதியை நோக்குவர். மந்த மதியினர்க்கு ஐந்தும் விரித்துரைக்கலாம். கூரிய மதியினர்க்கு இரண்டே போதும். உறுப்புகளின் எண்ணிக்கையில் நியமம் இல்லை என்பது இவர்கள் கொள்கை. எதிரே இருப்பவர்க்கு விளங்க வேண்டும் என்னும் கருணை இதில் அடங்கியுள்ளது.

ஹேது பழுதுபட்டால் வாதம் முழுவதும் சாயும். அப்பழுதுக்கு ஹேத்வாபாஸம் என்று பெயர். ஹேது போலத் தோன்றுவது என்பது பொருள். ந்யாய சாஸ்திரத்தில் இது ஐவகைப்படும். விடியற்காலையில் திருக்குளத்தின்மேல் தவழும் பனியைப் புகை என்று கொண்டு, அங்கே நெருப்பு உண்டென்று ஒருவன் சாதிப்பானாகில், அவன் காட்டிய புகையே அங்கில்லை. இது அஸித்தம். குடம் ஒருவரால் செய்யப்பட்டது, ஆகவே என்றும் அழியாதது என்றால், ஹேதுவே அவன் கருத்துக்கு எதிரானதைச் சாதிக்கும். இது விருத்தம். இவர் நாள்தோறும் கோயிலுக்கு வருகிறார், ஆகவே பரம பக்தர் என்றால், ப்ரஸாதத்துக்காக மட்டும் வருவோரும் உளர் அன்றோ! ஹேது இருபுறமும் செல்வதால் இது அனைகாந்திகம். பழைய ஓலையில் உள்ளதால் இந்நூல் தொன்மையானது என ஒருவரும், நடை புதிதாக இருத்தலால் பிற்பட்டது என மற்றொருவரும் கூறினால், சமபலமுள்ள இரு ஹேதுக்களும் ஒன்றையொன்று தடுத்து நிற்கும். இது ஸத்ப்ரதிபக்ஷம். நெருப்பு ஒரு த்ரவ்யம், ஆகவே நீரைப் போல் குளிர்ந்தது என்பானைத் தீண்டிப் பார்க்கச் சொன்னாலே போதும். வலிய ப்ரமாணத்தால் தள்ளப்படும் இது பாதிதம்.

இவையன்றிச் சலம் என்னும் வஞ்சகமும் உண்டு. மாலை வந்துவிட்டது என்று பூக்கட்டுவோர் சொல்ல, இன்னும் பொழுது சாயவில்லையே என்று மறுப்பவன், சொன்னவர் கருதாத பொருளைச் சொல்லின்மேல் ஏற்றுகிறான். அவன் வென்றது போலத் தோன்றினும் எதையும் சாதித்தவனாகான்.

இந்நெறி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. திருவரங்கத்தில் அத்வைத வித்வான்களோடு வாதம் நேர்ந்தபோது ஸ்வாமி எழுந்தருளித் தரிசனத்தை நிலைநாட்டினார். அவ்வாதங்களின் தொகுப்பாகக் கருதப்படும் சததூஷணியில் இன்று 66 வாதங்கள் கிடைக்கின்றன. அவற்றுள் முதலாவது, குணமற்றதாகச் சொல்லப்படும் பொருளுக்குப் பெருமை என்னும் குணத்தையே பொருளாகக் கொண்ட ப்ரஹ்மம் என்னும் சொல் எவ்வாறு பொருந்தும் என்று ஆராய்வது. எதிரியின் இழுக்கைத் தேடாமல், அவர் சொல்லின் பொருளையே அவர்முன் வைக்கும் முறை இது. வடமொழி அறியாதாரும் பிற மதங்களின் கொள்கைகளை அறிந்து ஆராய வேண்டும் என்று பரமதபங்கத்தை மணிப்ரவாளத்தில் 24 அதிகாரங்களாக அருளிச்செய்தார்.

இத்தனை மறுப்பு நூல்கள் இயற்றியவரிடம் மாற்று மதத்தார் நம்பிக்கை வைப்பரோ? இதற்கு விடையாக ஒரு வரலாறு உண்டு. அத்வைதியான வித்யாரண்யர்க்கும் மத்வ மதத்தினரான அக்ஷோப்ய தீர்த்தர்க்கும் வாதம் நிகழ்ந்தது. முடிவு கூறுமாறு இருவர் கூற்றுகளும் ஸ்வாமிக்கு அனுப்பப்பட்டன. வித்யாரண்யர் அவருடைய பழைய தோழர். விஜயநகர அரசவைக்கு அவரை அழைத்தவர். அவ்வழைப்பை மறுத்தே ஸ்வாமி வைராக்ய பஞ்சகத்தை அருளினார். ஆயினும் தோழமையை நோக்காது, ஹேதுவை மட்டும் நிறுத்துப் பார்த்து, அக்ஷோப்யர் பக்கமே முடிவு கூறினார் என்பது மத்வர்களும் ஸ்ரீவைஷ்ணவர்களும் போற்றிவரும் ஐதீகம். அத்வைத மரபினர் இவ்வரலாற்றை வேறு விதமாகக் கூறுவதுண்டு. எவ்வாறாயினும், இரு மரபுகள் தீர்ப்புக்குரியவராக மூன்றாம் மரபின் ஆசார்யரை நினைவில் வைத்திருப்பதே அவருடைய நடுநிலைக்குச் சான்று.

1311ஆம் ஆண்டில் மாலிக் காபூரின் படையெடுப்பைக் கண்ட தென்னாட்டை, 1323இல் தில்லிப் படை மீண்டும் தாக்கிற்று. திருவரங்கம் பேரழிவுக்கு உள்ளாயிற்று. முதியவரான ஸுதர்சன ஸூரி, தாம் இயற்றிய ச்ருதப்ரகாசிகையையும் தம் இரு குமாரர்களையும் ஸ்வாமியிடம் ஒப்படைத்தார். உயிரிழந்தோர் நடுவே மறைந்திருந்து, அவ்வேட்டையும் சிறுவர்களையும் காத்து, ஸ்வாமி கர்நாடக தேசத்துச் சத்தியாகாலத்துக்குச் சென்றார் என்பர். அந்த ச்ருதப்ரகாசிகை யாது? நடாதூர் அம்மாளின் காலக்ஷேபத்தில் கேட்டவற்றை ஸுதர்சன ஸூரி விரித்தெழுதிய ஸ்ரீபாஷ்ய வ்யாக்யானம் அன்றோ! ஐந்து வயதில் விட்ட இடத்தை நினைவூட்டிய குழந்தையே, ஐம்பது கடந்த பின்பு அக்காலக்ஷேபம் முழுவதையும் அழியாது காத்தளித்தது. வாதத்தில் வல்லவர்க்கு வெற்றி ஒருநாள் நிகழ்ச்சி. கேட்ட பொருளைச் சிதையாமல் பின்னோர்க்குச் சேர்ப்பதே வாழ்நாள் கடமை என்பதை இதனால் உணர்கிறோம்.

ஸ்வாமி 1369ஆம் ஆண்டு கார்த்திகையில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். உத்ஸவ காலத்தில் அவருடைய அர்ச்சா திருமேனியை ஸேவிக்கும் ஆஸ்திக அன்பர்கள் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டுகிறோம். நம் இல்லத்திலும் கோஷ்டியிலும் கருத்து வேற்றுமை எழும்போது, எதிராளி சொன்னதை அவரே ஒப்புமாறு முதலில் எடுத்துரைப்போம். நாம் காட்டும் காரணம் பனியா, புகையா என்று பின்னர் நோக்குவோம். தவறெனத் தெரிந்தால் விடுவோம். அவருடைய ஸூக்திகளைப் பாடுவதைப் போலவே இதுவும் அவர்க்கு உகந்த கைங்கர்யமாகும்.

ஸ்வாமி தேசிகன் திருவடிகளே சரணம்.