மார்கழியில் அடம்பிடிக்கும் டிராக்டரும் ருடால்ஃப் டீசலின் கதையும்

மார்கழிப் பட்டக் கடலைக்கு உழவு ஓட்ட, பனி விலகும் முன்பே டிராக்டரில் ஏறுகிறீர்கள். செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. நேற்று மதியம் ஒரே திருப்பில் கிளம்பிய வண்டி! குளிர்தான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள். கந்தர்வக்கோட்டைக் குளிர், நல்ல நிலையில் உள்ள டீசல் என்ஜினை முடக்கும் குளிர் அல்ல. உள்ளே இருக்கும் கோளாறை அது காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஏன் என்று புரிய, இந்த என்ஜினை உருவாக்கியவரின் கதையைக் கேளுங்கள்.

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18-இல் பாரிஸில், ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தார். 1870-இல் போர் மூண்டதால் குடும்பம் லண்டனுக்குப் போனது. 12 வயது ருடால்ஃப், படிப்புக்காக ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பிறகு மூனிக்கில் குளிர்பதன அறிஞர் கார்ல் வான் லிண்டேயிடம் பயின்று, அவரது நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

அக்கால நீராவி என்ஜின்கள் நிலக்கரியின் வெப்பத்தில் பெரும்பகுதியை வீணாக்கின. டீசலுக்கு வேறொரு வழி தோன்றியது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை இன்னும் பலமாக அழுத்தினால், எரிபொருள் தானே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடாகும். தீப்பொறியே தேவையில்லை. இதற்கான காப்புரிமைக்கு 1892-இல் விண்ணப்பித்தார்.

1893 ஆகஸ்டில் நடந்த முதல் சோதனையில் கருவி வெடித்துச் சிதறியது. டீசல் மயிரிழையில் தப்பினார். 1894 பிப்ரவரியில் என்ஜின் சுமார் ஒரு நிமிடம் தானாக ஓடியது. 1897 பிப்ரவரி 17 சோதனையில், எரிபொருள் வெப்பத்தில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றி வென்றது.

வெப்பம் எங்கே போகிறது?

உங்கள் டிராக்டரும் அதே விதியில்தான் கிளம்புகிறது. செல்ஃப் அடிக்கும்போது புகைபோக்கியைப் பாருங்கள்.

புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை வடியுங்கள். ஏர் லாக் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப்பம்பை அடியுங்கள்.

வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது. பற்றவைக்க வெப்பம் போதவில்லை. என்ஜின் மெதுவாகச் சுற்றினால், அழுத்திய காற்றின் சூடு குளிர்ந்த சிலிண்டர் சுவரில் போய்விடும். பேட்டரி முனையில் பூத்த பொடியைச் சுத்தம் செய்து, எர்த் வயரை இறுக்குங்கள். என்ஜின் ஆயில் கையேட்டில் சொன்ன தரம்தானா என்றும் பாருங்கள்.

வேகமாகச் சுற்றியும் வெள்ளைப் புகைதான் என்றால், பிஸ்டன் ரிங் அல்லது வால்வு வழியே அழுத்தம் கசியலாம். நாசில் டீசலைத் தூவாமல் சொட்டவிடலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள். தள்ளிப்போட்டால் செலவு கூடும்.

ஹீட்டர் உள்ள வண்டியில் அது சூடாகும்வரை பொறுங்கள். செல்ஃபை ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்காமல், அரை நிமிடம் ஓய்வு கொடுங்கள். காற்று வடிகட்டி அருகே பெட்ரோல் தெளிப்பதோ, எரியும் துணியைக் காட்டுவதோ கூடவே கூடாது. டீசலின் முதல் சோதனையில் வெடித்ததும் பெட்ரோல்தான்.

கடலை எண்ணெயில் ஓடிய என்ஜின்

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் டீசல் என்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. உழவர் விளைவிக்கும் எண்ணெயிலேயே என்ஜின் ஓடும் என்று டீசல் நம்பினார்.

பேரும் புகழும் வந்தும் கடன் அவரை விடவில்லை. 1913 செப்டம்பர் 29 இரவு, ஆண்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்து சென்ற கப்பலில் தம் அறைக்குப் போனவரைக் காலையில் காணவில்லை. சில நாள் கழித்துக் கடலில் ஓர் உடல் கிடைத்தது. அதிலிருந்த பொருள்களை வைத்து, அவர்தான் என்று மகன் அடையாளம் காட்டினார். மரணத்தின் காரணம் இன்றும் முடிவாகவில்லை.

இன்று மாலை வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி வையுங்கள். பாதி டேங்கில் இரவுப் பனிக்காற்றின் ஈரம் தண்ணீராகி டீசலில் கலக்கும். காலையில் சாவியைத் திருப்பும்போது புகைபோக்கியின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.