பென்சிலால் மேடைக்கு ஒளியூட்டிய ஜீன் ரோசென்தால்

மேடை விளக்குகளோடு வேலை செய்பவரின் இடுப்பைப் பார்த்தாலே அவரது தொழில் தெரிந்துவிடும். வாயை விரிக்கவும் குறுக்கவும் கூடிய ஒரு ஸ்பனர், அது உயரத்திலிருந்து நழுவி யாருடைய தலையிலும் விழாதபடி பட்டியோடு கட்டிய கயிறு, சூடேறிய விளக்கைப் பிடிக்கத் தோல் கையுறை, இருட்டில் தேட ஒரு சிறிய டோர்ச், ஒட்டுநாடா. ஆனால் இந்தத் தொழிலின் போக்கையே மாற்றிய பெண்ணின் கையில் ஸ்பனர் இருக்கவில்லை. நியூயோர்க்கின் பெரிய அரங்குகளில் விளக்கைத் தொடும் உரிமை தொழிற்சங்க மின்பணியாளர்களுக்கே இருந்தது. ஜீன் ரோசென்தால் கொண்டுபோனது பென்சிலும் தாளும்.

1912இல் நியூயோர்க்கில் பிறந்தவர். ருமேனியாவிலிருந்து குடியேறிய யூத மருத்துவர்களின் மகள். நடிப்புப் பள்ளியில் சேர்ந்தவருக்கு நடிப்பில் நாட்டம் வரவில்லை. அங்கே கற்பித்த நடனக் கலைஞர் மார்தா கிரஹாமுக்குத் தொழில்நுட்ப உதவியாளராகிவிட்டார். அந்த உறவு சாகும்வரை தொடர்ந்தது. இடையில் யேல் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தார்.

பொருளாதார மந்தக் காலத்தில் வேலையிழந்த கலைஞர்களுக்காக அமெரிக்க அரசு ஒரு நாடகத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் ஒர்சன் வெல்ஸின் குழுவில் ஜீன் வேலை செய்தார். 1937 ஜூன் 16 அன்று அவர்களின் நாடகம் ஒன்றுக்கு அரங்கம் பூட்டப்பட்டது. உருக்காலைத் தொழிலாளர் சங்கம் அமைப்பதைப் பற்றிய இசை நாடகம் அது. நிதிவெட்டு என்பதே சொல்லப்பட்ட காரணம். உடைகளும் காட்சியமைப்பும் உள்ளே சிக்கிக்கொண்டன. 25 வயது ஜீனிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை ஒரு பியானோவைத் தேடிப் பிடிப்பது. பிடித்து லொறியில் ஏற்றியாயிற்று. இறக்குவதற்குத்தான் அரங்கம் இல்லை. லொறி நகரைச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜீன் இடையிடையே தொலைபேசியில் எங்கே போவதென்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் வேறோர் அரங்கு கிடைத்தது. நடிகர்களும் பார்வையாளர்களும் 21 தெருக்களைக் கடந்து அங்கே போனார்கள். மேடையேற நடிகர்களுக்குத் தடை இருந்ததால் கதிரைகளிலிருந்து எழுந்து பாடினார்கள். இசையமைப்பாளர் மேடையில் தனியாக அந்தப் பியானோவை வாசித்தார்.

அதே ஆண்டு நவம்பரில் வெல்ஸ் ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரை மேடையேற்றினார். காட்சித்திரைகளே இல்லை. வெறும் செங்கல் சுவர், சில தளங்கள், தரையிலிருந்து மேல்நோக்கிப் பாயும் ஒளிக்கற்றைகள். நாஜிகளின் இரவுப் பேரணிகளைப் பார்வையாளர்களுக்கு நினைவூட்டியது ஜீன் அமைத்த ஒளிதான்.

அப்போது ஒளியமைப்பாளர் என்று ஒரு தனித் தொழிலே ஏற்கப்பட்டிருக்கவில்லை. காட்சியமைப்பாளரோ தலைமை மின்பணியாளரோ ஒத்திகையின்போது பார்த்துச் சரிசெய்துகொள்வார்கள். மேடையில் செலவாகும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் காசு என்பதால் இது வீண்செலவு. ஜீன் வேலையை முன்கூட்டியே தாளுக்குக் கொண்டுவந்தார். அரங்கின் அளவுப்படி வரைந்த படத்தில் எந்த விளக்கு எங்கே தொங்கும், எந்த மின்சுற்று, என்ன நிறத்தாள், எதை நோக்கித் திரும்பும் என்பதெல்லாம் இருக்கும். எந்தக் கட்டத்தில் எது எவ்வளவு எரியும் என்பதற்கு வேறொரு பட்டியல். ஊர் ஊராகப் போகும் நடனக் குழுவுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். போகும் ஊரில் யாரென்றே தெரியாத பணியாளர்கள் அந்தத் தாளைப் பார்த்து அதே ஒளியை மீண்டும் உண்டாக்கலாம்.

மின்பணியாளர்கள் எல்லோரும் ஆண்கள். இளம்பெண்ணின் கட்டளையைக் கேட்க அவர்களுக்குத் தயக்கம் இருந்தது. ஜீன் குரலை உயர்த்தவில்லை. அளவற்ற மரியாதையோடு பேசினார். அவர்களின் தொழிலை அவர்கள் அளவுக்கே தெரிந்தும் வைத்திருந்தார். எனக்கென்னவோ இரண்டாவதுதான் அதிகம் வேலை செய்திருக்கும் என்று தோன்றுகிறது.

நடனத்தில் அவர் செய்தது இன்றும் மேடைகளில் தெரிகிறது. முன்னாலிருந்து விழும் ஒளி உடலைத் தட்டையாக்கிவிடும். அவர் விளக்குகளை மேடையின் பக்கங்களில், கணுக்கால் உயரம் வரை இறக்கி வைத்தார். கைகால்களுக்குத் திரட்சி வந்தது, நடனமாடுபவர் இருளிலிருந்து செதுக்கி எடுத்ததுபோல் தெரிந்தார். நியூயோர்க் சிற்றி பலேயின் நட்கிராக்கர் உட்பட ஜோர்ஜ் பலன்சினின் பல படைப்புகளுக்கு ஒளியமைத்தவர் அவரே.

வெஸ்ட் சைட் ஸ்டோரி (1957), த சவுண்ட் ஒஃப் மியூசிக் (1959), ஃபிட்லர் ஒன் த ரூஃப் (1964) ஆகிய இசை நாடகங்களின் முதல் மேடையேற்றங்களுக்கும் ஒளி அவருடையதுதான். பாடல்களை முணுமுணுக்கும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அமெரிக்க நாடக உலகின் டோனி விருதில் ஒளியமைப்புக்கென்று தனிப் பிரிவு 1970இல்தான் வந்தது. ஜீன் அதற்கு முந்தைய ஆண்டே போய்விட்டார்.

1969 வசந்தத்தில் புற்றுநோய் முற்றியிருந்தது. மார்தா கிரஹாமின் புதிய நடனம் தயாராகிக்கொண்டிருந்தது. சக்கர நாற்காலியில் அரங்குக்கு வந்து அதற்கும் ஒளியமைத்துக் கொடுத்தார். அடுத்த சில நாட்களில், மே 1 அன்று இறந்தார். வயது 57. தன் தொழிலைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1972இல் வெளிவந்தது. அதில் அவர் வரைந்த ஒளி வரைபடங்களும் இருக்கின்றன.