கலாநிதிப் பட்டமின்றி நோபல் பரிசு வென்ற கேர்ட்ரூட் எலியன்

கடும் குருதிப் புற்றுநோய்க்கு ஆளான சிறுவர்கள் சில மாதங்களிலேயே இறந்துபோன காலம் ஒன்று இருந்தது. அந்த நிலையை மாற்றத் தொடங்கிய மருந்துகளுள் ஒன்றை உருவாக்கியவர் அமெரிக்க விஞ்ஞானி கேர்ட்ரூட் எலியன். அதே மருந்தைத் தொடர்ந்து ஆராய்ந்ததே, ஒருவரின் சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்தும் சிகிச்சைக்கும் வழி திறந்தது.

1918 ஜனவரி 23 ஆம் திகதி நியூயோர்க்கில் பிறந்தவர் எலியன். தந்தை, லித்துவேனியாவில் இருந்து குடியேறிய பல் வைத்தியர். எலியனுக்கு 15 வயதாக இருந்தபோது, அவர் பெரிதும் நேசித்த பாட்டனார் வயிற்றுப் புற்றுநோயால் துன்பப்பட்டு இறந்தார். அந்த நோய்க்கு மருந்து தேடவேண்டும் என்ற எண்ணம் அப்போதே அவருள் வேரூன்றியது. 1929 பங்குச்சந்தை வீழ்ச்சியில் தந்தை பணத்தை இழந்திருந்ததால், கட்டணமின்றிப் பெண்களுக்குக் கல்வி வழங்கிய ஹன்டர் கல்லூரியில் சேர்ந்து, 1937 இல் இரசாயனவியலில் உயர் சித்தியுடன் பட்டம் பெற்றார்.

ஆனால் வேலை கிடைக்கவில்லை. பெண் ஒருவர் ஆய்வுகூடத்தில் இருந்தால் ஆண்களின் கவனம் சிதறும் என்றுகூடக் காரணம் சொல்லப்பட்டது. தாதிய மாணவிகளுக்குக் கற்பித்தார். ஓர் ஆய்வுகூடத்தில் சம்பளமின்றி உழைத்தார். பகலில் பாடசாலை ஆசிரியையாகவும் மாலையில் மாணவியாகவும் இருந்து, 1941 இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில், அவர் மணம்முடிக்க இருந்த இளைஞர் இதயத்தைத் தாக்கிய பக்டீரியாத் தொற்றால் இறந்தார். அதைக் குணப்படுத்தக்கூடிய பெனிசிலின் சில ஆண்டுகள் கழித்தே பாவனைக்கு வந்தது. எலியன் பின்னர் திருமணமே செய்துகொள்ளவில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் படைக்குச் செல்ல, ஆய்வுகூடக் கதவுகள் பெண்களுக்குத் திறந்தன. ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் வேலை உட்படச் சில வேலைகளைப் பார்த்த எலியன், 1944 இல் பரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தில் ஜோர்ஜ் ஹிட்சிங்ஸின் உதவியாளராக இணைந்தார். கலாநிதிப் பட்டத்துக்காகப் பகுதிநேரமாகக் கற்றுவந்தபோது, முழுநேர மாணவியாக வேண்டும் என்று பல்கலைக்கழகம் நிபந்தனை விதித்தது. அவர் படிப்பை விட்டார், ஆராய்ச்சியை விடவில்லை.

கலங்கள் பெருகுவதற்கு டிஎன்ஏ தேவை. டிஎன்ஏயை அமைக்கும் மூலப்பொருள்களில் பியூரின்களும் அடங்கும். அவற்றைப் போலவே தோற்றமளிக்கும் போலிப் பொருள் ஒன்றைக் கொடுத்தால், வேகமாகப் பெருகும் புற்றுநோய்க் கலம் அதை எடுத்துக்கொண்டு முடங்கிவிடும் என்பதே இருவரதும் கணிப்பு. இயற்கையான பியூரின் ஒன்றில் ஒட்சிசன் அணு இருந்த இடத்தில் கந்தக அணுவை வைத்து, 1951 அளவில் எலியன் 6-மேர்கப்டோபியூரினை உருவாக்கினார். 1953 இல் அதற்கு அங்கீகாரம் கிடைத்தது.

மருந்தை எடுத்த சிறுவர்கள் எழுந்து நடமாடினர். ஆனால் பலருக்கு நோய் திரும்பியது, அவர்கள் இறந்தனர். இது எலியனைப் பெரிதும் வருத்தியது. மருந்து உடலில் எவ்வாறு மாற்றமடைகின்றது என்பதை அவர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். பின்னர் ஏனைய மருந்துகளையும் சேர்த்து வழங்கும் முறை வந்தது. வசதியுள்ள நாடுகளில், சிறுவர்களிடம் அதிகம் காணப்படும் வகைக் குருதிப் புற்றுநோயில் இருந்து இன்று ஐந்தில் நால்வருக்கும் மேல் மீள்கின்றனர்.

குருதிப் புற்றுநோயில் கட்டுமீறிப் பெருகுபவை வெண்குருதிக் கலங்கள். உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியும் அவற்றிலேயே தங்கியுள்ளது. அப்படியானால் இந்த மருந்து அந்தச் சக்தியையும் அடக்குமா? அடக்கும் என்பதை 1958 இல் பொஸ்டனில் ரொபர்ட் ஸ்வார்ட்ஸ், வில்லியம் டமெஷேக் ஆகியோர் முயல்களில் காட்டினர். பிரித்தானிய சத்திரசிகிச்சை நிபுணர் ரோய் கான், இதை நாய்களின் சிறுநீரக மாற்றில் பரீட்சித்தார். எலியனின் குழு அவருக்கு வழங்கிய புதிய மருந்துகளில் அசதயோபிரின் மேலும் சிறப்பாகச் செயற்பட்டது. 1954 இல் ஒத்த இரட்டையருக்கிடையே சிறுநீரகத்தை மாற்றிப் பொருத்திய ஜோசப் மரே, 1962 இல் இந்த மருந்தின் துணையோடு, உறவினரல்லாத இறந்த ஒருவரின் சிறுநீரகத்தையும் வெற்றிகரமாகப் பொருத்தினார்.

மூட்டுவாதத்தின் ஒரு வகையான கௌட் நோய்க்கு அலோபியூரினோல், ஹேர்பிஸ் வைரஸுக்கு அசைக்ளோவிர் என்பனவும் எலியனின் ஆய்வுகளோடு பிணைந்தவை. 1988 இல் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளக் ஆகியோருடன் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 70. 1999 பெப்ரவரி 21 ஆம் திகதி காலமானார்.

மேற்குறித்த நான்கு மருந்துகளும் இன்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. அவற்றை உருவாக்கியவருக்கு ஆய்வுகூடத்தில் இடம் கிடைக்க ஓர் உலகப் போர் தேவைப்பட்டது. அவ்வாறான வாய்ப்பும் கிட்டாமல் வெளியே நின்ற பெண்கள் எத்தனை பேர் என்ற கணக்கு எவரிடமும் இல்லை.