சூரிய உதயத்துக்காக 5 நாள் காத்திருந்தவர்

அமெரிக்காவில் உள்ள சான்பிரான்சிஸ்கோ நகரம். 1906-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி. விடியும் நேரத்தில் பூமி அதிர்ந்தது. வீடுகள் இடிந்து விழுந்தன.

சில மணி நேரத்தில் மறுபடியும் ஓர் அதிர்ச்சி. தோட்டத்தில் நின்ற 4 வயதுச் சிறுவன் சுவரில் மோதி விழுந்தான். மூக்கு உடைந்தது.

பையன் பெரியவன் ஆனதும் சரிசெய்து கொள்ளலாம் என்றார், டாக்டர். கடைசி வரை யாரும் சரிசெய்யவில்லை. அந்தக் கோணல் மூக்குக்காரர்தான், மலைகளைப் படம் எடுத்து உலகப் புகழ் பெற்ற ஆன்சல் ஆடம்ஸ்.

படிப்பு நின்றது

ஆன்சல் துறுதுறுப்பான பையன். வகுப்பில் ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டான். ஆசிரியர்களால் சமாளிக்க முடியவில்லை. 1915-ம் ஆண்டு தந்தை சார்லஸ் அவனைப் பள்ளியில் இருந்து நிறுத்திவிட்டார். வீட்டிலேயே பாடம் நடந்தது. அந்த ஆண்டு ஊரில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு வருடம் முழுவதும் போய்வரச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். அதைப் பார்ப்பதும் ஒரு படிப்புதானே! எத்தனை தந்தைகளுக்கு இந்தத் துணிச்சல் வரும்?

பியானோ வாசிக்கத் தானாகவே கற்றுக்கொண்டான். பெரிய இசைக் கலைஞன் ஆவான் என்று வீட்டார் நம்பினார்கள்.

1916-ம் ஆண்டு குடும்பத்தோடு யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனான். வானை முட்டும் பாறைகள். அவற்றில் இருந்து கொட்டும் அருவிகள். தாய் தந்தையர் ஒரு பெட்டிக் காமிரா கொடுத்தார்கள். நன்றாகப் பார்த்துப் படம் எடுக்க, உளுத்துப்போன ஒரு மரக்கட்டை மேல் ஏறினான். கட்டை நொறுங்கியது. தலைகீழாக விழும்போது விரல் பொத்தானை அழுத்திவிட்டது. படமும் தலைகீழாகவே வந்தது!

அன்று பிடித்த மலைப் பைத்தியம் கடைசி வரை விடவில்லை. ஆண்டு தவறாமல் அங்கே போனார்.

கடைசித் தகடு

இன்று கைப்பேசியில் நூறு படம் எடுக்கிறோம். பிடிக்காததை அழித்துவிடுகிறோம். அந்தக் காலத்தில் அது முடியாது. ஒரு கண்ணாடித் தகட்டில் ஒரு படம்தான் எடுக்கலாம். காமிரா, முக்காலி, தகடுகள் எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு மலை ஏற வேண்டும். நீண்ட பயணம் என்றால் மூட்டைகளை ஒரு கழுதை சுமக்கும்.

1927-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி. 12 தகடுகளுடன் நண்பர்களோடு பனியில் ஏறினார். மணக்கப்போகும் பெண் வர்ஜினியாவும் உடன் வந்தார். கவிழ்த்த கிண்ணத்தைப் பாதியாக வெட்டியது போல ஒரு பெரும்பாறை. அதைத்தான் எடுக்க வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தபோது மிச்சம் இருந்தவை இரண்டே தகடுகள்.

ஒன்றை மஞ்சள் கண்ணாடி போட்டு எடுத்தார். எடுத்த பிறகு யோசனை வந்தது. இதில் வானம் வெளுத்துத் தெரியும். பாறையின் கம்பீரம் தெரியாதே! உடனே சிவப்புக் கண்ணாடியை மாட்டினார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியை உள்ளே விடாது. அதனால் நீல வானம் படத்தில் கறுப்பாக விழும். கடைசித் தகட்டில் அந்தப் படம் விழுந்தது. கரிய வானத்தின் கீழ் பாறை எழுந்து நின்றது.

கண்ணால் கண்டதை அல்ல, மனதில் கண்டதையும் காமிராவில் எடுக்கலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டார். சில ஆண்டுகளில் பியானோவைத் தொழிலாகக் கொள்ளும் எண்ணத்தை விட்டுவிட்டார். தாய்க்கு அதில் வருத்தம்தான்.

ஜனாதிபதி வைத்துக்கொண்ட புத்தகம்

கலிபோர்னியாவில் கிங்ஸ் கான்யன் என்ற மலைப்பகுதி உண்டு. அதைக் காக்க வேண்டும் என்று கேட்டு, 1936-ம் ஆண்டு படங்களுடன் தலைநகர் வாஷிங்டன் போனார். அப்போது சட்டம் வரவில்லை. 1938-ல் மலைப் படங்களைப் பெரிய புத்தகமாக வெளியிட்டார். மந்திரி இக்கஸ் அதை ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டிடம் காட்டினார். ஜனாதிபதி புத்தகத்தைத் திருப்பித் தரவே இல்லை! மந்திரிக்கு இன்னொரு பிரதி அனுப்ப வேண்டியதாயிற்று. 1940-ல் அந்த இடம் தேசியப் பூங்கா ஆயிற்று.

முள்வேலியும் மலையும்

பிறகு உலகப் போர். ஜப்பானிய வம்சத்தினரை அமெரிக்க அரசாங்கம் முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். மன்சனார் என்ற முகாமில் மட்டும் சுமார் 10 ஆயிரம் பேர். சுற்றிலும் முள்வேலி. மேற்கே பனிமலை.

ஆன்சல் அந்த முகாமுக்குப் போனார். ஆசிரியர், விவசாயி, நர்சு, குழந்தைகள் என்று எல்லோரையும் படம் எடுத்தார். இவர்களும் நம் மக்களே என்று காட்டினார். போர் நடக்கும்போது இதைச் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். 1944-ல் அந்தப் படங்கள் புத்தகமாக வந்தன. பலர் கோபப்பட்டார்கள். அடைத்தது தவறு என்று அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 1988-ம் ஆண்டில்தான்.

அந்த முகாமுக்கு அருகே உள்ள ஊர் லோன் பைன். குளிர்காலத்தில் அங்கிருந்து சூரிய உதயத்தைப் படம் எடுக்க நினைத்தார். கிழக்கே சூரியன் எழும்போது, முதலில் பனிச் சிகரங்கள்தான் ஒளி பெறும். அடிவாரம் இருட்டாகவே இருக்கும். இரண்டும் சேர்ந்து தெரிவது சில நிமிடங்கள்தான்.

நான்கு நாள் விடியலில் போனார். நான்கு நாளும் மேகம் மறைத்தது. ஐந்தாம் நாளும் போனார். காரின் கூரையில் பலகை அடித்திருந்தார். அதன் மேல் காமிராவை வைத்துக்கொண்டு குளிரில் நின்றார். சிகரங்கள் பளீரென ஒளிர்ந்தன. புல்வெளியில் வெயில் கீற்றாக விழுந்தது. அங்கே ஒரு குதிரை மேய்ந்தது. ஆனால் முதுகைக் காட்டி நின்றது! ஒளி போய்விடுமே என்று தவித்தார். கடைசி நேரத்தில் குதிரை பக்கவாட்டில் திரும்பியது. எடுத்துவிட்டார்.

அந்தக் குன்றில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்ப் பெயரின் எழுத்துக்களை வெள்ளைக் கற்களால் எழுதி வைத்திருந்தார்கள். படத்தில் அதை அழித்துவிட்டார். உள்ளதை மறைக்கலாமா என்று சிலர் குறை சொன்னார்கள். மலையின் முகத்தில் ஒட்டிய விளம்பரத்தைத் துடைத்தார், அவ்வளவுதான் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1984-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி ஆன்சல் காலமானார். அப்போது வயது 82. மறு ஆண்டு, யோசெமிட்டியில் உள்ள ஒரு சிகரத்துக்கு அவருடைய பெயரை வைத்தார்கள்.