உழைப்பைச் சிலையாக்கிய பெருந்தகை

சென்னை மெரினாக் கடற்கரையில், பெரும்பாறை ஒன்றைப் பெயர்க்க முயலும் நால்வர் சிலையைக் கண்டு வியவாதார் இலர். உழைப்பாளர் சிலை எனப்படும் அதனை வடித்தவர் தேவிபிரசாத் ராய் சௌதுரி ஆவார்.

இவர் 1899 ஆம் ஆண்டு சூன் 15 ஆம் நாள், இன்று வங்காளதேசத்திலுள்ள ரங்பூர்ப் பகுதியில், நிலக்கிழார் குடியிற் பிறந்தார். இளமையில் அவனீந்திரநாத தாகூரிடம் ஓவியம் பயின்றார். மெல்லிய வண்ணங்களால் நுண்ணிய உணர்ச்சிகளைத் தீட்டுதல் அம்மரபின் இயல்பு. எனினும், மற்பயிற்சியால் உரம்பெற்ற அவர் கைகள் களிமண்ணை நாடின. ஆதலின் சிற்பமும் கற்றார்.

தொடக்கத்தில் சான்றோர் பலரின் உருவங்களை, முகச்சாயல் வழுவாது வடித்தார். பின்னர், பிரெஞ்சுச் சிற்பி ரோதேனின் நெறி அவரை ஈர்த்தது. மேற்பரப்பை மழமழவெனத் தேய்க்காது, மேடும் பள்ளமுமாக விடுத்து, ஒளியும் நிழலும் அதன்மேல் விளையாடச் செய்தார். தோற்றத்தைக் காட்டிய சிற்பம், இனி உள்ளத்தையும் காட்டலாயிற்று.

1929 இல் சென்னை அரசு கலைப்பள்ளியின் தலைமையை ஏற்றார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் இவரே. 1957 வரை அங்குப் பணியாற்றி, பணிக்கர், தனபால் முதலிய கலைஞர்களை உருவாக்கினார்.

காலம் செல்லச் செல்ல, அவர் கண்கள் எளியோர்பால் திரும்பின. பசியால் நலிந்தோரையும், குளிருக்கு ஒடுங்கிய முதுமையையும் வடித்தார். 1942 இல் பாட்னாவில் கொடியேற்றச் சென்று உயிர்நீத்த மாணவர் எழுவருக்கும் வெண்கலத்தில் நினைவுச்சின்னம் எழுப்பினார். 1959 இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலைக்கு, கலைப்பள்ளியின் காவலர் ஒருவரும் மாணவர் ஒருவரும் முன்மாதிரியாய் நின்றனர் என்பர். அச்சிலையில் மன்னர் இல்லை, வாள் இல்லை, புடைத்த நரம்புகளும் ஒன்றுபட்ட முயற்சியுமே உள்ளன.

1958 இல் அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. தண்டி யாத்திரையைக் காட்டும் பதினோர் உருவச் சிற்பம் தில்லியில் நிறுவப்பெறுமுன்னரே, 1975 அக்டோபர் 15 இல் அவர் மறைந்தார்.

மாணவர்களே! சுந்தரபாண்டியத்தில் தறியில் அமர்ந்து நூல்கோக்கும் நெசவாளரும், வயலில் ஏர்பிடிக்கும் உழவரும் சிலைக்கு உரியவரே. செல்வக்குடியிற் பிறந்த ஒருவர் அதனை உணர்ந்து கலையில் நிலைநாட்டினார். அவர் கலை வளர்ந்ததன் பெருமை அதுவேயாகும்.