தூரிகையை நாடிய ஹெர்மன் ஹெஸ்ஸே

ஜேர்மனிய எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயை ‘சித்தார்த்தா’ நாவலின் ஆசிரியராகவே நம்மில் பலர் அறிவோம். 1911 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, கண்டியைக் கண்டு, பீதுருதாலகால மலையுச்சியிலும் ஏறி நின்றவர் அவர். மலையாள அகராதி தந்த ஹெர்மன் குண்டர்ட் அவரது தாய்வழிப் பாட்டனாராவார். இவற்றை அறிந்தோரிற் பலரும் அவர் ஏறத்தாழ மூவாயிரம் நீர்வர்ண ஓவியங்களைத் தீட்டியவர் என்பதை அறியார்.

1914 இல் முதலாம் உலக யுத்தம் மூண்டபோது ஹெஸ்ஸே சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் வாழ்ந்தார். இனவெறிக்கு எழுத்தாளர்கள் துணைபோகலாகாது என அவர் எழுதிய கட்டுரைக்காகத் தாய்நாட்டுப் பத்திரிகைகள் அவரைத் துரோகியெனத் தூற்றின. நண்பர்கள் பலர் விலகினர். யுத்தச் சூழலில் சமாதானம் பேசியவருக்கு என்ன நேரும் என்பதை நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. ஆயினும் சிறைப்பட்ட ஜேர்மன் படைவீரருக்கு நூல்கள் அனுப்பும் பணியை அவர் கைவிடவில்லை.

1916 இல் தந்தையார் காலமானார். இளைய மகன் கடும் நோயுற்றான். மனைவி மரியாவின் மனநிலையும் பாதிப்புற்றது. உள்ளம் தளர்ந்த ஹெஸ்ஸே, லுசேர்ன் நகருக்கு அண்மையில் உளப்பகுப்பாய்வு மருத்துவர் ஜோசப் லாங்கிடம் சிகிச்சை பெற்றார். கனவுகளை வரைந்து பார்க்குமாறு மருத்துவர் ஊக்கினார். நாற்பது வயதை எட்டிய அவர், ஓவியப் பயிற்சி ஏதுமின்றியே தூரிகையைக் கையிலெடுத்தார்.

1919 இல் குடும்பம் சிதறிய நிலையில், பிள்ளைகளைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு, தெற்கே மொந்தஞ்ஞோலா கிராமத்திற்குத் தனியே சென்றார். வர்ணப்பெட்டியும் சிறு மடக்கு நாற்காலியுமாக மலைச்சரிவுகளில் அலைந்தார். சிவந்த கூரைகள், திராட்சைத் தோட்டங்கள், ஏரிக்கப்பால் நீலமலைகள் ஆகியனவே அவர் தீட்டியவை. மனித உருவங்கள் அவற்றில் மிக அரிது. அவை மாபெரும் ஓவியங்கள் என நாம் வாதிடப்போவதில்லை. அவரும் அவ்வாறு கருதியவரல்லர். ஓர் ஓவியனின் இறுதிக் கோடைகாலத்தைப் பேசும் ‘கிளிங்சோர்’ கதை பிறந்தது அந்த ஆண்டிலேயே.

‘சித்தார்த்தா’வின் முற்பகுதியை எழுதிய பின்னர் ஓராண்டுக்கும் மேலாக அது நகர மறுத்தது. சொல் கைவிட்ட அக்காலத்திலும் அவர் வர்ணங்களிடமே மீண்டார். நாவல் 1922 இல் வெளிவந்தது. ஜேர்மனிய நாணயம் பெறுமதியிழந்து நூல் வருமானம் கரைந்தபோது, தம் கையாலெழுதி ஓவியந்தீட்டிய கவிதைத் தொகுப்புகளை விற்றே அவர் சீவித்தார். யுத்தக் கைதிகளுக்கு நூல் வாங்கும் நிதிக்கெனத் தொடங்கிய விற்பனையே அவருக்கும் சோறிட்டது.

1946 இல் நோபல் பரிசு கிடைத்தது. 1962 ஓகஸ்ட் 9 ஆம் திகதி மொந்தஞ்ஞோலாவிலேயே அவர் மறைந்தார். அவரிடமிருந்து வந்த கடிதங்கள் பலவற்றின் தலைப்பில் உள்ளங்கையளவில் ஒரு வீடு, ஒரு மரம், சற்றே நீலவானம் காணப்படும்.